மூக்கில் குழாயோடு மீன் கூறியவர்

ஊர்காவற்றுறையில் நான் வேலை செய்த பார்மசிக்கு மருந்தைத் திருப்பிக் கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள். "பிள்ளை, இது வருத்தத்துக்குக் கேக்கேல்லை" என்று மேசையில் வைத்துவிட்டு வேறு மருந்து கேட்பார்கள். அந்த அக்கா மட்டும்தான் சாட்சியோடு வந்தார்.

மீன் வாடை அடிக்கும் பையிலிருந்து இரண்டு சின்னப் போத்தல்களை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். இரண்டிலும் நல்ல சிவப்புத் தண்ணீர். செவ்வரத்தம்பூவை அவித்து வடித்துத் தேசிக்காய்ப் புளி விட்டது என்றார். குரலில் சொல்லவில்லை, காற்றில் சொன்னார். தொண்டை அப்படி அடைத்திருந்தது.

"இப்ப பாரும்."

முதல் போத்தலில், நெஞ்செரிவுக்குச் சப்பிச் சாப்பிடும் வெள்ளைக் குளிசையை நொறுக்கிப் போட்டு ஆட்டினார். சிவப்பு மெல்ல வெளிறி ஊதாவுக்குப் போனது. இன்னும் ஆட்டினார். ஊதாவும் மங்கியது.

"இது உண்மை மருந்து. புளியைக் கொல்லுது."

மற்றப் போத்தலில், இரவு படுக்கமுன் போடுங்கோ என்று நான் கொடுத்த குளிசையைப் பொடியாக்கிப் போட்டார். எவ்வளவு ஆட்டியும் சிவப்பு சிவப்பாகவே நின்றது.

"இது கள்ள மருந்து."

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூச்சாற்றில் புளி விட்டால் நிறம் மாறும் என்று பத்தாம் வகுப்பில் எல்லோரும் படித்தோம். சோதனை எழுதினோம், மறந்தோம். தன் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று அறிவதற்கு அதைத் திரும்ப எடுத்து வந்த ஒருவரை நான் அன்றுதான் கண்டேன்.

"கள்ளமில்லை அக்கா. வெள்ளைக் குளிசை, வயித்துக்குள்ளை ஏற்கெனவே இருக்கிற அசிட்டோடை நேரை மோதும். கொஞ்ச நேரத்திலை தானும் முடிஞ்சிடும். மற்றது அப்பிடியில்லை. அது இரத்தத்தாலை போய், அசிட் சுரக்கிற இடத்திலை சுரப்பைக் குறைக்கும். சுரந்து முடிஞ்சதை அது தொடாது. உங்கடை போத்தல் சுரக்கிறேல்லைத்தானே? அதுதான் நிறம் மாறேல்லை."

அக்கா போத்தலை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"அப்ப இதிலை காட்டேலாது."

"ஏலாது."

"பின்னை எதிலை காட்டலாம்?"



அவரை எல்லோருக்கும் தெரியும். பெயரை எழுதவேண்டிய தேவை இல்லை. கரையில் காலையில் மீன் வந்து இறங்கியதும் அதை ஏலம் கூறுகிறவர் அவர்தான். எங்கள் பக்கத்தில் பெண்கள் மீன் விற்பார்கள், காய விடுவார்கள். கூறுவது ஆண்களின் வேலை. இவருடைய தகப்பன் கூறியவர். அவர் படுத்த படுக்கையானபோது இவர் ஒருநாள் போய் அந்த இடத்தில் நின்றாராம். யாரோ ஆட்சேபிக்க வாயைத் திறந்திருக்கிறார்கள். அதற்குள் இவர் கூறத் தொடங்கிவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை யாரும் எடுக்கவில்லை. நாரந்தனையிலிருந்து வரும் காலை பஸ்ஸில் இறங்கும்போதே எனக்கு அந்தக் குரல் கேட்கும். கடைத்தெருவைத் தாண்டி, கோயில் மதிலைத் தாண்டி வரும். கத்துகிற குரல் இல்லை. நிமிர்ந்து நடந்து வருகிற குரல்.

அந்தக் குரல்தான் போய்க்கொண்டிருந்தது. காலையில் எழும்பினால் தொண்டையில் மண் போட்டதுபோல இருக்கிறதாம். வெய்யில் ஏறக் கொஞ்சம் திறக்கும். ஆனால் மீன் வெய்யில் ஏறும்வரை காத்திருக்காது.

"இரவிலை சாப்பிட்டுச் செமிச்சு எல்லாம் முடிஞ்சுதான் படுக்கிறன். பிறகு ஏன் அசிட் சுரக்குது?" என்று கேட்டார்.

"வயிறு நித்திரை கொள்ளாது அக்கா. சாமத்திலை தன்ரை பாட்டிலை சுரக்கும். பகலிலை எண்டால் சோறு கறி கிடந்து அதைக் கொஞ்சம் தணிக்கும். இரவிலை வெறும் வயிறு. எச்சில் விழுங்கிறதும் குறைவு. நீங்களும் நீட்டி நிமிந்து படுத்திருக்கிறியள். மேலை வாறதுக்கு வழி திறந்துதானே கிடக்கு."

"நீர் கண்டனீரோ?"

"என்னத்தை?"

"அது சுரக்கிறதை."

"இல்லை, படிச்சனான்."

"ம்." அந்த 'ம்'மில் மரியாதைக் குறைவு இருக்கவில்லை. படித்ததை ஒரு பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான்.

இதற்கு முன் நடந்த ஒன்றை அவருடைய புருசன் எனக்குச் சொல்லியிருக்கிறார். வாய் திறக்காத மனுசன். கிழிந்த வலை பொத்துவார், கடலுக்குப் போவார், மனைவி பேசினால் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் அவர் போன படகின் எஞ்சின் நின்று, காற்று இழுத்துக்கொண்டு போய்விட்டது. கிழமைகள் போயும் செய்தி இல்லை. படகின் பலகை ஒன்று எழுவைதீவுப் பக்கம் ஒதுங்கியது. எல்லோரும் அழுது முடித்தார்கள். பங்குச் சுவாமியார் வீட்டுக்கே வந்து, ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை வைப்போம் பிள்ளை என்றார்.

"நான் காணேல்லை சுவாமி," என்றாராம் அக்கா.

"கடலிலை போனவையை எல்லாரும் காணக் கிடைக்கிறேல்லையம்மா."

"கண்டால் வைப்பம்."

கறுப்பு உடுக்கவில்லை. அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு என்று கரை கரையாகப் போனார். எங்காவது ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டால் முதல் ஆளாக நின்றார். நயினாதீவில் ஒன்று ஒதுங்கியிருந்தது. மூடியிருந்த சாக்கை விலக்க ஆண்களே தயங்கினார்கள். அக்கா குனிந்து விலக்கி, முகமென்று சொல்ல எதுவும் மிஞ்சாத அந்த முகத்தையும் கைகளையும் கால்களையும் ஆறுதலாக, அவசரமில்லாமல் பார்த்தார். "இது இவரில்லை," என்றார். பிறகு போய்விடவில்லை. அந்த ஆளைத் தேடி யாராவது வரும்வரை இருக்கிறேன் என்று பக்கத்தில் முழந்தாளில் இருந்து செபம் சொன்னார். யாரும் வரவில்லை. அந்த முகமில்லாத மனிதனுக்கு ஊரில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தார். தன் புருசனுக்கு வைக்க மறுத்த அதே பூசை.

சில கிழமைகளில் இந்தியக் கரையிலிருந்து தகவல் வந்தது. அங்கே மீனவர்கள் தூக்கி எடுத்து, விசாரணை அது இது என்று வைத்திருந்திருக்கிறார்கள். மனுசன் இளைத்துக் கறுத்துத் திரும்பி வந்தார். கண்டவுடன் அக்கா ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லையாம். எட்ட நின்று தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "ஓம், இவர்தான்" என்றாராம்.

இதைச் சொல்லும்போது அந்த மனிதரின் கண் கலங்கியது.  நம்பிக்கை என்றா இதைச் சொல்வது, நம்பிக்கையின்மை என்றா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அப்படிப்பட்டவர் என் குளிசையை நம்புவாரா?

ஆனாலும் போட்டுப் பார்த்தார். போட்டுப் பார்ப்பதும் காண்கிற ஒரு வழிதானே. முதல் நாட்களில் மருந்து அற்புதமாகக் கேட்டது. காலையில் பஸ்ஸால் இறங்கியபோது, நெடுநாளைக்குப் பிறகு மதிலைத் தாண்டி அந்தக் குரல் வந்தது. பத்து மணிபோல ஒரு பை நண்டோடு கடைக்கு வந்து, "உம்மடை குளிசையைக் கள்ளமெண்டு நான் பொய் சொல்லிப்போட்டன்," என்றார்.

பிறகு அது மங்கத் தொடங்கியது. ஒருநாள் கரகரப்பு. இரண்டு நாள் கழித்து இன்னும் கொஞ்சம். மறுபடியும் காற்றுக் குரல்.

"பழகிப் போச்சு," என்றார். "வேலை செய்த மருந்தை உடம்பு பழகிப் பிடிச்சிட்டுது. அப்பிடி நடக்குமோ?"

"நடக்கும். இந்த வகையைத் தொடர்ந்து ஒவ்வொரு இரவும் போட்டால் நாள் போகப்போக இரவிலை அதின்ரை பிடி தளரும்."

"அப்ப ரண்டாப் போடுவமோ?"

"வேண்டாம் அக்கா. இவ்வளவு நாளாக் குரல் அடைச்சிருந்தால் குளிசை மாத்தி மாத்திப் பாக்கிற கதை இல்லை. ஆரும் டொக்டர் தொண்டையைப் பாக்கவேணும்."

அவர் பையின் வாயை முறுக்கிப் பிடித்தார். பிறகு, "என்ரை அம்மாவும் இப்பிடித்தான் தொடங்கினவ," என்றார். "தொண்டையிலைதான். கடைசியிலை ஒரு சொட்டுத் தண்ணியும் இறங்கேல்லை."

இவ்வளவு நாளும் போத்தலும் பூவும் கேள்வியுமாக வந்தவர் எதைச் சுமந்துகொண்டு வந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனால் அவர் முகத்தில் பயம் என்று ஒன்றை நான் காணவில்லை. சாக்கை விலக்கக் குனிந்தபோதும் இந்த முகம்தான் இருந்திருக்கும்.

"நாளைக்கே போறன்," என்றார். "நீரும் வாரும். அவையள் சொல்லுறதிலை விளங்காததை உம்மட்டைக் கேக்கலாம்."

யாழ்ப்பாணத்தில் கமரா விட்டுப் பார்த்தார்கள். கட்டி ஒன்றும் இல்லை. குரல் நாண்கள் சிவந்து வீங்கியிருந்தன. வயிற்று அமிலம் இரவில் மேலே வந்து சுட்டிருக்கும் என்று நினைக்கிறோம் என்றார் டொக்டர். சுரப்பைப் பலமாக நிறுத்துகிற வேறு வகை மருந்து, காலையில் சாப்பாட்டுக்கு அரைமணி முன் போடும் கப்சூல், எழுதித் தந்தார். கட்டில் தலைமாட்டை உயர்த்தச் சொன்னார். இரவுச் சாப்பாட்டைப் பொழுதோடு முடிக்கச் சொன்னார். அன்று பின்னேரமே மனுசன் முருகைக்கல் இரண்டு கொண்டுவந்து கட்டில் காலுக்கு வைத்தார்.

பகலில் எரிவு அடியோடு போய்விட்டது. காலையில் குரல் மட்டும் வரவில்லை.

கரையில் இப்போது இன்னொரு விதமாகக் கூறல் நடந்தது. அக்கா தன் இடத்தில் நிற்பார். குனிந்து மீனைப் பார்த்து, விலையைக் காற்றில் சொல்வார். பக்கத்தில் நிற்கும் புருசன் அதை உரத்துச் சொல்வார். ஆயுளில் யாரையும் கூப்பிட்டறியாத அந்த மனிதர், கழுத்து நரம்பு புடைக்க, வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கத்தினார். முதல் நாள் சிலர் சிரித்தார்கள். இரண்டாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் மீனவர் சங்கத்துக்காரர் வேறு ஆளைப் போடுவது பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எனக்குக் காதில் விழுந்தது.

மறுமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா டொக்டரிடம் கேட்டார்: "நினைக்கிறம் எண்டு சொன்னியள். இரவிலை உண்மையா என்ன நடக்குது எண்டு காண வழியில்லையோ?"

டொக்டர் கொஞ்சம் தயங்கினார். "இருக்கு அம்மா. மூக்காலை ஒரு மெல்லிய குழாய் விட்டு வயிறுமட்டும் இறக்கவேணும். இடுப்பிலை ஒரு சின்னப் பெட்டி. ஒரு பகலும் ஒரு இரவும் அது உள்ளுக்கை இருக்கிற அமிலத்தை எழுதிக்கொண்டே இருக்கும். மருந்து போட்டபடியே செய்தால் மருந்து இரவிலை நிக்குதோ இல்லையோ எண்டும் தெரியும். ஆனால் கேட்டவுடனை கனபேர் மாட்டன் எண்டிடுவினம்."

"காட்டுவியளோ? எழுதினதை எனக்குக் காட்டுவியளோ?"

"காட்டுவன்."

"அப்ப விடுங்கோ."

குழாய் இறங்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். கண்ணில் நீர் கொட்டியது, ஓங்காளித்தது, என் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல் எலும்பு நொந்தது. "நிப்பாட்டவோ அம்மா?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. குழாயைக் கன்னத்தில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினார்கள். சாப்பிடும்போது, படுக்கும்போது, எரியும்போது பெட்டியில் எந்தப் பொத்தானை அமத்துவது என்று காட்டினார்கள். வழமையாக என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள், அப்போதுதான் சரியாகத் தெரியும் என்றார் டொக்டர்.

அந்தச் சொல்லை அக்கா எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். பண்ணைப் பாலம் ஏறும்போது ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். அக்கா அந்தப் பிள்ளையைக் கையால் கூப்பிட்டு, பெட்டியைக் காட்டி, வேலணை வரும்வரை காற்றுக் குரலில் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியில் முன் சீற்றுக்காரரும் திரும்பியிருந்து கேட்டார்கள்.

அடுத்த நாள் விடிய நான் முதல் பஸ் எடுத்துக் கரைக்கே போனேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்து நின்றார். மூக்கிலிருந்து குழாய், கன்னத்தில் பிளாஸ்டர், இடுப்பில் பெட்டி, காலடியில் மீன். பக்கத்தில் கண்ணை மூடிய புருசன். வியாபாரிகள் வளைத்து நின்றார்கள். எல்லோர் கண்ணும் குழாயில்தான். கடைசியில் ஒரு இளந்தாரி வியாபாரிக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னக்கா, மூக்கிலை தூண்டில் போட்டிருக்கிறியள்?"

"ஓம்," என்றார் அக்கா. "உள்ளுக்கை ஒண்டு இரவிலை ஓடித் திரியுது. பிடிக்கத்தான்."

அதையும் தான் உரத்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்து மனுசன் கண்ணை மூடியபடி முழுக் கரைக்கும் கேட்கக் கத்தினார். கரை முழுக்கச் சிரித்தது. அக்கா சிரித்ததில் குழாயும் சேர்ந்து ஆடியது. பிறகு கூறல் தொடங்கியது.

அன்று மத்தியானம் டொக்டர் கணினித் திரையைத் திருப்பி வைத்தார். ஒரு நீளக் கோடு.

"மேலை நிண்டால் அமிலம் குறைவு. கீழை விழுந்தால் கூட. இது நேற்றுப் பின்னேரம். பாருங்கோ, மேலை நிக்குது. கப்சூல் நல்லா வேலை செய்யுது. இது இரவுச் சாப்பாடு. இதிலை நீங்கள் படுத்தனீங்கள்."

கோடு அமைதியாகப் போனது. சாமத்தைத் தாண்டிக் கொஞ்சம் போக, ஒரு இடத்தில் சட்டென்று கீழே விழுந்தது. விழுந்து, அடியிலேயே கிடந்தது. இடையில் ஒருமுறை எழும்பப் பார்த்து மறுபடி விழுந்தது. விடியப்போகும் நேரத்தில்தான் மேலே வந்தது. அதன் கீழே இன்னொரு கோடு, உணவுக்குழாயில் எடுத்தது. அதே சாமத்தில் அதிலும் பள்ளங்கள்.

அக்கா கதிரையை முன்னுக்கு இழுத்தார். விரலைத் திரையில் வைத்து அந்தக் கோட்டின் மேலேயே நடத்திக்கொண்டு போனார். விழுந்த இடத்தில் விரல் நின்றது.

"இந்த நேரம் நான் நித்திரை," என்றார். "ஒண்டும் தெரியேல்லை. எரியக்கூட இல்லை. பொத்தான் அமத்தேல்லை."

"ஓம் அம்மா. கப்சூல் அந்த நேரம் சுரந்துகொண்டிருக்கிற பம்புகளை மட்டும்தான் நிப்பாட்டும். உறங்கிக் கிடந்தவை, புதுசா வந்தவை, இரவிலை எழும்பி வேலை தொடங்குது. கனபேருக்கு மருந்தோடையும் இப்பிடி நடக்கும். தெரியவராது."

 இதே கப்சூல்களை எத்தனையோ பேருக்கு எண்ணிக் கொடுத்தவள் நான். இரவில் என்ன செய்யும் என்று படித்திருந்தேன். அது செய்வதையும் செய்யாமல் விடுவதையும் ஒரு மனிசியின் ஒரே ஒரு இரவில் கண்டது அன்றுதான். அவர் கண்மூடிக் கிடக்க, அவருக்குள்ளே ஏதோ ஒன்று தனியாக விழித்து, விடியுமட்டும் வேலை செய்திருக்கிறது. அதை அவர் இப்போது குனிந்து, மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். குற்றவாளியைப் பிடித்தவரின் முகமில்லை அது. கோயிலில் நற்கருணை தூக்கும்போது நிமிர்கிற முகம்.

"கண்டிட்டன்," என்றார் மெல்ல.

டொக்டர் மருந்து நேரத்தை மாற்றினார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் ஒரு கப்சூல். அந்தப் பழைய படுக்கைக் குளிசையும் வேண்டும், ஆனால் ஒவ்வொரு இரவும் இல்லை, உடம்பு பழகாதபடி விட்டு விட்டு. இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றுக்கும் 'ஏன்' என்று கேட்கவில்லை. அவர் 'ஏன்' கேட்காத ஒரே நாள் அதுதான்.

குரல் உடனே வரவில்லை. கரகரப்புக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பழைய உச்சம் திரும்பவும் இல்லை. பங்குனி முடியும் தறுவாயில் ஒருநாள் பஸ்ஸால் இறங்கி நடந்தபோது எதிரே அக்கா வந்தார். கரையில் படகுகள் இன்னும் வரவில்லை. கடல் ஆடாமல் கிடந்தது.

"இண்டைக்கு நான்தான் கூறப்போறன். அதுக்கு முதல் உம்மாலை ஒரு வேலை ஆகவேணும்," என்றார். "ஜெட்டி நுனிக்குப் போய் நில்லும். கேக்குதோ எண்டு பாக்கவேணும்."

நான் நடந்தேன். எழுவைதீவுப் படகுக்குக் காத்திருந்த சிலர் ஒதுங்கி வழி விட்டார்கள். நுனியில் போய்த் திரும்பி நின்றேன். கரையில் அவர் ஒரு சின்ன உருவமாகத் தெரிந்தார். இரண்டு கையையும் இடுப்பில் வைத்தார்.

வந்தது. முன்னைப்போல நிமிர்ந்து நடந்து வரவில்லை. தாழ்வாக, தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, கரகரப்பின் விளிம்போடு வந்தது. ஒரு சொல். இன்னுமொருமுறை அதே சொல். படகுக்கு நின்றவர்கள் கதையை நிறுத்தினார்கள்.

கேட்டது என்று கையை உயர்த்தினேன். அவர் அசையவில்லை. இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினேன். அதற்கும் அசையவில்லை. பிறகு செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, ஜெட்டியின் முழு நீளத்தையும் நடந்து என்னிடமே வந்தார். மூச்சு வாங்கியது.

"கையை எவரும் தூக்கலாம்," என்றார். "நான் என்ன மீன் சொன்னனான்?"

ஒட்டியும் ஓராவும் ஒரே சாதி மீன்கள். தெளிவில்லாத குரலில் தூரத்தில் இரண்டும் காதுக்கு ஒன்றுதான். விலை ஒன்றல்ல.

"ஓரா," என்றேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு, முதல் படகின் எஞ்சின் சத்தம் கேட்ட பக்கம் திரும்பி, கரையை நோக்கி விரைவாக நடந்தார்.